தென்னை வேரில் டானிக் கட்டினால் தோப்புக்கு உரம் வேண்டாமா?

கேள்வி, 9 மார்ச் 2024

"அண்ணா, ஆனைமலைப் பக்கம் எங்க தோப்பு. மரத்துக்கு ஒரு பைன்னு வேர்ல தென்னை டானிக் (சத்துக் கரைசல்) கட்டினோம். மறுநாள் காலைல போய்ப் பாத்தா முக்காவாசிப் பை காலி. நேரா வேருக்கே குடுத்துட்டா அப்புறம் மண்ணுக்கு எதுக்கு உரம்? மண்ணுல போட்டா பாதி களைக்குத்தான் போகுது. பக்கத்துத் தோட்டத்துல ரெண்டு வருசமா வட்டப்பாத்தில ஒண்ணுமே போடல, டானிக் மட்டும்தான். காய் குறையலன்னு சொல்றாரு. நாங்களும் நிறுத்திரலாமா?"

9 மார்ச், இரவு

நிறுத்தாதீர்கள் தம்பி. பை காலியானால் மரம் குடித்தது என்பது சரி. குடித்தது போதும் என்பது வேறு விஷயம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். காய்க்கிற மரம் ஒன்றுக்கு வருடத்துக்கு தழைச்சத்து (நைட்ரஜன்) 560 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 320 கிராம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) 1200 கிராம் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. சாம்பல்சத்துக்கு மட்டும் பொட்டாஷ் 2 கிலோ வேண்டும். டானிக் எவ்வளவு? 40 மில்லி எடுத்து 160 மில்லி தண்ணீரில் கலந்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. வருடத்துக்கு மொத்தம் 400 மில்லிக் கரைசல். 2 கிலோ பொட்டாஷை அந்த 400 மில்லியில் கரைக்கவே முடியாது, ஊட்டுவது அப்புறம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. டானிக் நுண்ணூட்டத்துக்கும் குரும்பை கொட்டுவதைக் குறைக்கவும் உதவும். நான் கட்டுகிறேன், கட்டச் சொல்கிறேன். ஆனால் அது சாப்பாடு இல்லை.

9 மார்ச், இரவு (விட்டுப் போனது)

பக்கத்துத் தோட்டத்தில் காய் குறையாததற்குக் காரணம் டானிக் இல்லை, காலம். தென்னையில் பாளை இன்றைக்குக் கருவாகி நாளைக்கு வெடிப்பதில்லை. குருத்துக்குள் பாளை உருவாகத் தொடங்கியதிலிருந்து அது வெளியே வந்து வெடிக்கவே இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகிறது. வெடித்த பாளையில் காய் முற்ற இன்னொரு வருடம். இப்போது அவர் பறிக்கிற காய்க்கு அடிப்போட்டது உரம் போட்ட காலத்து மண். அடுத்த இரண்டு வருடம் அவர் தோப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் பாளையில் பெண் பூ குறையும், பிறகுதான் காய் எண்ணிக்கை தெரியும். அப்போது உரம் போட்டாலும் மரம் திரும்ப அதே அளவு காலம் கேட்கும். எனக்கு இதில்தான் கவலை. தென்னையில் தப்பு செய்தால் உடனே தெரியாது, தெரியும்போது உடனே சரிசெய்யவும் முடியாது.

10 மார்ச், காலை

"பை எப்படிக் காலியாகிறது, வேர் உறிஞ்சுகிறதா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் வேர் எதையும் செய்வதில்லை. இழுப்பது மேலே இருக்கிற ஓலை.

இன்று காலை ஒரு மரத்தில் கட்டினேன், பார்த்ததைச் சொல்கிறேன். அடிமரத்திலிருந்து மூன்று அடி தள்ளிக் கையால் மண்ணைப் பறித்தேன். கடப்பாரை வேண்டாம், வேர் நசுங்கும். முதலில் வந்தது கறுத்த வேர். விரலால் அழுத்தினால் மேல்பட்டை தனியாக உருண்டது, உள்ளே நரம்பு மட்டும் கயிறாக நின்றது. அது செத்த வேர், விட்டுவிட்டேன். அதற்கு ஒரு சாண் கீழே இளம்பழுப்பில் பென்சில் கனத்தில் ஒன்று, அழுத்தினால் கல் மாதிரி. புது பிளேடால் சாய்வாக ஒரே வெட்டு. வெட்டு முகம் வெள்ளையாக, நடுவில் வட்டமாகக் கெட்டியான தண்டு, அதைச் சுற்றிச் சதை. நடுத்தண்டில் ஊசிமுனை அளவு துளைகள் தெரியும். தண்ணீர் ஏறுகிற சைலம் குழாய்கள் அவை. வெட்டின கையோடு பைக்குள் விட்டு, நுனி பையின் அடியைத் தொடும்படி வைத்து நூலால் கட்டினேன்.

ஏன் சாய்வு? வெட்டு முகம் பெரிதாகும், பையின் அடியில் ஒட்டி அடைத்துக்கொள்ளாது. ஏன் புது பிளேடு? மொட்டைக் கத்தி குழாய்களை நசுக்கி மூடிவிடும். ஏன் வெட்டின கையோடு? வேருக்குள் இருக்கிற தண்ணீர் இழுபட்ட நிலையில் இருக்கிறது. வெட்டினதும் அது உள்ளே பின்வாங்கும், பின்னாலேயே காற்று நுழையும். காற்று புகுந்த குழாயில் தண்ணீர் ஏறாது. வெட்டிப்போட்டுவிட்டு பையைத் தேடப் போகிற ஆட்களுக்கு அடுத்த நாள் பை நிறைந்தே இருக்கும்.

24 மணி நேரத்தில் பை இறங்கவில்லை என்றால் வேறு வேர் பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருக்கிறது, ஒன்று போனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

10 மார்ச், மதியம்

வெயில் ஏறுமுன் கட்டுங்கள். ஓலையின் இலைத்துளை திறந்து நீராவி போனால்தான் இழுப்பு வரும். மழை நாளில், பாத்தியில் தண்ணீர் நிற்கும்போது கட்டினால் பை சும்மா தொங்கும். கட்டுவதற்கு முன்னால் ஓரிரு நாள் பாசனத்தை நிறுத்தினால் இன்னும் நன்றாக இறங்கும்.

12 மார்ச்

உடுமலை நண்பர் நல்ல கேள்வி கேட்டார். "கிணற்றில் மோட்டாரை மேலே வைத்தால் 25 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை இழுக்கத் திணறுகிறது. 60 அடி மரத்தில் ஓலை மட்டும் எப்படி இழுக்கும்?"

மோட்டார் உண்மையில் இழுப்பதில்லை. குழாயில் இருக்கிற காற்றை எடுக்கிறது, வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றழுத்தத்தால் தள்ள முடிந்த உச்ச உயரம் 10.3 மீட்டர். அதற்கு மேல் எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் முடியாது. நடைமுறையில் உராய்வு எல்லாம் போக 25 அடிதான் நிற்கும்.

மரத்தில் நடப்பது தள்ளல் இல்லை, நிஜமான இழுவை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்திருக்கின்றன. மயிரிழையை விட மெல்லிய குழாயில், இடையில் காற்றுக் குமிழி இல்லாமல், குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிற தண்ணீரை மேல்முனையில் இழுத்தால் முழு நீர்க்கம்பியும் சேர்ந்து வரும். இலைக்குள் ஈரமான செல் சுவரிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்த மிகச் சிறிய இடுக்குகளில் நீரின் மேற்பரப்பு உள்வாங்குகிறது. அதுதான் இழுக்கிற கை. இதை டப்ளினில் டிக்ஸன், ஜாலி என்ற இருவர் 1894இல் முன்வைத்தார்கள். தண்ணீரை எப்படி இழுக்க முடியும் என்று அன்றைக்குப் பலர் நம்பவில்லை.

அளந்து காட்டியவர்கள் பிறகு வந்தார்கள். 1965இல் ஷோலாண்டர் குழு, வெட்டின கிளையை ஒரு இரும்புக் கலத்துக்குள் வைத்து வெட்டு முகத்தை மட்டும் வெளியே நீட்டி, உள்ளே வாயுவை ஏற்றியது. உள்ளே பின்வாங்கின சாறு எந்த அழுத்தத்தில் திரும்ப வெட்டு முகத்தில் எட்டிப் பார்க்கிறதோ அதுதான் கிளைக்குள் இருந்த இழுவை. உயரமான மரத்தின் உச்சிக் கிளையை எடுக்கத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளினார்கள். உப்புத் தண்ணீரில் நிற்கிற அலையாத்திச் செடிகளில் காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்குக்கு மேல் இழுவை இருந்தது. கடல் தண்ணீரிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரித்தெடுக்க அவ்வளவு இழுத்தே ஆக வேண்டும்.

12 மார்ச், இரவு

"ஜகதீஷ் சந்திர போஸ் வேறு மாதிரி சொன்னாரே" என்ற கேள்விக்கு. ஆமாம். தண்டுக்குள் உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்துச் சாற்றை மேலே ஏற்றுகின்றன என்று 1920களில் எழுதினார். செடியின் உணர்வு, மின்துடிப்பு பற்றி அவர் செய்த வேலை பெரிய வேலை, அந்த மதிப்பு எனக்குக் குறையவில்லை. ஆனால் சாறேற்றத்தில் சாட்சி வேறு பக்கம் நிற்கிறது. அவருக்கு முன்பே, 1890களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர் 20 மீட்டருக்கு மேல் உயரமான ஓக் மரத்தை அடியில் அறுத்து பிக்ரிக் அமிலத்தில் நிறுத்தினார். அமிலம் வழியில் இருந்த உயிருள்ள செல்களைக் கொன்றுகொண்டே மேலே ஏறி இலை வரை போனது. செல் செத்த பிறகும் நீர் ஏறுகிறது என்றால் ஏற்றுவது செல்லின் துடிப்பு இல்லை.

13 மார்ச்

ஓலை இழுக்கிறது என்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரவில் இலைத்துளை மூடிக்கிடக்கும்போது வேர் தன் பங்கைச் செய்கிறது. உப்புச் சத்துகளை நடுத்தண்டுக்குள் தள்ளிச் சேர்க்கிறது, உள்ளே கரைசல் கெட்டியாகிறது, சவ்வூடு பரவலால் மண் தண்ணீர் பின்னாலேயே வருகிறது. விடிகாலையில் புல் நுனியிலும் நெல் நுனியிலும் நிற்கிற துளி பெரும்பாலும் இப்படி உள்ளிருந்து வந்தது, எல்லாமே பனி இல்லை. ஸ்டீபன் ஹேல்ஸ் 1727இலேயே திராட்சைக் கொடியை வெட்டி, வெட்டு வாயில் கண்ணாடிக் குழாய் மாட்டி இந்த அழுத்தத்தை அளந்து எழுதியிருக்கிறார். இரவில் இது உதவி. பகலில் 60 அடிக்கு இது போதாது.

15 மார்ச்

இப்போது முக்கியமான இடம். வெட்டின வேர் குடிப்பதும் முழு வேர் குடிப்பதும் ஒன்று இல்லை. தம்பியின் முதல் கேள்விக்கு உண்மையான பதில் இதில் இருக்கிறது.

முழு வேரில் வேலை நடப்பது நுனிப் பக்கம், இளசான பகுதியில். தென்னைக்கு ஆணிவேரும் இல்லை, வேர்த்தூவியும் இல்லை. கத்தரி, மிளகாய்க்கு இருக்கிற மாதிரி மயிர்த்தூவி வைத்து மண்ணைத் துழாவ அதற்கு வழி கிடையாது. மெல்லிய கிளை வேர்களின் நுனிதான் வாய். மண்ணிலிருந்து தண்ணீர் சதைப்பகுதியில் செல் சுவர் வழியாகவே சுலபமாக உள்ளே வந்துவிடும். ஆனால் நடுத்தண்டைச் சுற்றி அகத்தோல் என்று ஒரே ஒரு அடுக்கு. அதன் செல்களுக்கு இடையில் மெழுகுப் பட்டை போட்டு அடைத்திருக்கிறது. காஸ்பாரியன் பட்டை என்பார்கள். சுவர் வழியாக வந்த தண்ணீரும் இங்கே செல்லின் சவ்வைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். சவ்வில் ஒவ்வொரு சத்துக்கும் தனி வாசல். தண்ணீருக்கான வாசலை அக்குவாபோரின் என்கிறார்கள், அதைக் கண்டுபிடித்த பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பொட்டாசியத்தையும் நைட்ரேட்டையும் மரம் சக்தி செலவு பண்ணி, மண்ணில் கொஞ்சமே இருந்தாலும் உள்ளே அள்ளிச் சேர்க்கிறது. வேண்டாததைப் பெரும்பாலும் வெளியே நிறுத்துகிறது.

வேரை வெட்டிப் பைக்குள் விட்டால் இந்தக் காவல் முழுதையும் நாம் தாண்டிவிடுகிறோம். பையில் என்ன இருக்கிறதோ அது அப்படியே நடுத்தண்டுக்குள் ஏறும், மரம் "வேண்டாம்" என்று சொல்ல வழியே இல்லை. அதனால்தான் வேர் வழியாகப் பூச்சி மருந்து கட்டுவதற்கு முன் முற்றின காயைப் பறித்துவிடச் சொல்கிறார்கள், பிறகு 45 நாள் பறிக்காதே என்கிறார்கள். இளநீர் தோப்புக்காரர்கள் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். குடிக்கிறவர் குழந்தையாக இருக்கலாம்.

15 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

"அப்போ பையில் யூரியாவைக் கரைத்து ஊற்றினால்?" வேண்டாம். தெரிந்தவர் தோப்பில் கெட்டியாகக் கரைத்துக் கட்டினார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது வெட்டு முகத்திலிருந்து கறுப்பு மேலே ஏறியிருந்தது, பை பாதியில் நின்றுவிட்டது. கெட்டிக் கரைசல் வேர்ச் செல்லின் தண்ணீரை வெளியே இழுத்துக் காயவைத்துவிடும். மண்ணில் ஒரே இடத்தில் உரத்தைக் கொட்டிப் பாசனம் விடாமல் போனாலும் நடப்பது அதே.

16 மார்ச்

உரம் எங்கே போடுவது. அடிமரத்தை ஒட்டிப் போடாதீர்கள், அங்கே இருப்பது மரத்தைத் தாங்குகிற கிழட்டு வேர். குடிக்கிற வேரில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தூரத்துக்குள்ளேயே மேல்மண்ணிலும் அதற்குச் சற்றுக் கீழும் படர்ந்திருக்கிறது. 1.8 மீட்டர், அதாவது ஆறு அடி ஆரத்தில் வட்டப்பாத்தி என்று சொல்வது இதனால்தான். ஜூன், ஜூலையில் பாதி, டிசம்பர், ஜனவரியில் பாதி. 50 கிலோ தொழு உரத்தோடு சேர்த்துக் கொத்திவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.

சத்துகள் எல்லாம் ஒரே மாதிரி வேருக்கு வந்து சேர்வதில்லை. நைட்ரேட் தண்ணீரோடு ஓடி வரும். அதே காரணத்தால் அதிகத் தண்ணீரில் வேருக்குக் கீழேயும் ஓடிவிடும். மணிச்சத்து நகரவே நகராது. மண்ணில் போட்ட இடத்தில் சில மில்லிமீட்டர்தான் பரவும், வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். வேர்த்தூவி இல்லாத தென்னை எப்படிப் போகும்? வேர் உட்பூசணம் போகும். வேருக்குள் குடியிருந்துகொண்டு, நூல் மாதிரிக் கைகளை மண்ணுக்குள் நீட்டி மணிச்சத்தை எடுத்துக் கொடுத்து, பதிலுக்கு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். தொழு உரமும் மூடாக்கும் இருக்கிற தோப்பில் அது செழிக்கும். சும்மா சும்மா ரோட்டவேட்டர் ஓட்டுகிற தோப்பில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். களைக்குப் போகிறது என்று தம்பி வருத்தப்படுகிறாரே, களையை வெட்டி அங்கேயே மூடாக்காகப் போட்டால் அது தின்றது மெதுவாகத் திரும்ப வரும்.

18 மார்ச்

பேராவூரணியிலிருந்து ஒருவர்: "கஜாவில் சாய்ந்து நிமிர்த்தின மரம், தண்ணீர் நிறைய விட்டும் வருடக்கணக்கில் தேறவில்லை." 2018 நவம்பரில் அந்தப் புயல் மரத்தைச் சாய்த்தபோது ஒரு பக்கத்து வேர் எல்லாம் அறுந்துபோனது. மேலே ஓலை கேட்கிற தண்ணீரைக் கீழே கொடுக்க நுனி இல்லை. இந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது ஓலையைக் குறைத்துக் கேட்பைக் குறைப்பது, பிறகு தூரைச் சுற்றி மண் அணைப்பது. தென்னை அடித்தூரிலிருந்து புது வேர் விடும், அது பிடிக்க மண் வேண்டும்.

தண்ணீர் தேங்கவே விடாதீர்கள். வேரும் மூச்சு விடுகிறது. நீரில் மூழ்கிக் காற்று கிடைக்காத வேரில் சத்தை அள்ளுகிற வேலை நின்றுவிடும், தண்ணீர் வாசல்களும் மூடிக்கொள்ளும். சுற்றித் தண்ணீர் நிற்க மரம் வாடும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும்.

19 மார்ச்

கல் உப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு. நடவுக் குழியில் உப்பு போடுகிற பழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள். இலைத்துளையைத் திறக்கப் பொட்டாசியம் துளையின் இரு பக்கமும் இருக்கிற காவல் செல்லுக்குள் போக வேண்டும், கூடவே ஒரு துணை அயனியும் போக வேண்டும். தென்னை அதற்குக் குளோரைடை நம்பியிருக்கிற மரம். குளோரைடு குறைந்தால் துளையைச் சரியாகத் திறந்து மூட முடியாமல் வறட்சியில் தவிக்கும். கடற்கரைத் தோப்புக்குக் காற்றிலேயே கிடைக்கிறது. உள்நாட்டில் நாம் போடுகிற பொட்டாஷ் உரமே பொட்டாசியம் குளோரைடுதான், இரண்டும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. ஏற்கெனவே உவர்த் தண்ணீர் பாய்கிற தோப்பில் மேலும் உப்பைக் கொட்டாதீர்கள்.

20 மார்ச்

"பதநீர் இதே குழாயில்தான் வருகிறதா?" இல்லை. சைலத்தில் வருவது மண் தண்ணீர், நாக்கில் வைத்தால் இனிக்காது. பாளையைச் சீவினால் சொட்டுவது புளோயம் சாறு, ஓலை சமைத்த சர்க்கரை. நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை இருக்கும். சர்க்கரை அதிகமுள்ள இடத்தில் தண்ணீர் புகுந்து அழுத்தம் ஏறும், சர்க்கரை செலவாகிற இடத்தில் அழுத்தம் குறையும், சாறு அந்தப் பக்கம் ஓடும். 1930இல் முன்ஷ் சொன்ன விளக்கம் இது.

இன்னொன்று, நம் பக்கத்துக்கு அவசியமானது. கேரளாவிலிருந்து பொள்ளாச்சி வரை வந்துவிட்ட வேர் வாடல் நோயின் கிருமி பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை நுண்ணுயிர், அது குடியிருப்பது இந்தப் புளோயத்துக்குள். டானிக் கட்டினால் வாடல் குணமாகும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். காய்ப்பு நின்றுபோன நோய் மரத்தை எடுத்துவிடுவதுதான் பக்கத்து மரத்துக்கு நல்லது.

22 மார்ச்

தென்னந்தண்டு பற்றி ஒரு கேள்வி, மரம் ஏறுவதற்காகத் தண்டில் வெட்டுகிற படிவெட்டு ஆறுமா என்று. ஆறாது. மாவுக்கும் வேம்புக்கும் பட்டைக்கு அடியில் புதுக் குழாய் உண்டாக்குகிற அடுக்கு இருக்கிறது, தென்னைக்கு அது கிடையாது. தண்டு முழுக்கக் குழாய்க் கட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஓர் இடத்தில் அந்தத் தண்டு உருவானபோது போட்ட குழாய்தான் அந்த மரம் சாகிற வரை. அறுபது வயது மரம் தன் அடித்தண்டில் அறுபது வருடத்துக் குழாயில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறது. படி வெட்டாதீர்கள், ஆணி அடிக்காதீர்கள்.

24 மார்ச்

தம்பி இரண்டு படம் அனுப்பியிருந்தார். முதல் மரத்தில் அடி ஓலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி ஓரம் காய்ந்திருக்கிறது, குருத்துப் பக்கம் பச்சை. இது பொட்டாஷ் பசி. பொட்டாசியம் மரத்துக்குள் நகரக்கூடிய சத்து, பற்றாக்குறை வந்தால் மரம் பழைய ஓலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். தழைச்சத்தும் மக்னீசியமும் அப்படியே. இரண்டாவது மரத்தில் கீழே நன்றாக இருக்கிறது, புதிதாக வந்த ஓலையில்தான் ஈர்க்குகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு விசிறி மாதிரி நிற்கிறது. இது போரான் குறைவு. போரான் தண்ணீரோடு ஏறிப் போய்ச் சேர்ந்த ஓலையிலேயே தங்கிவிடும், திரும்ப எடுத்துக் குருத்துக்குக் கொடுக்க முடியாது. அதனால் வறட்சியில் நீரோட்டம் குறைந்தாலே குருத்தில் பசி தெரியும். போராக்ஸ் கொடுங்கள், அளவை மண் பரிசோதனை பார்த்து வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூடினால் போரான் நஞ்சு.

எந்த ஓலை முதலில் வெளுக்கிறது என்று பாருங்கள், எந்தச் சத்து என்பது பாதி தெரிந்துவிடும்.

25 மார்ச்

தம்பி, இப்போது செய்ய வேண்டியது. டானிக் கட்டினது கட்டினதாக இருக்கட்டும், அடுத்தது ஆறு மாதம் கழித்து. மண் பரிசோதனைக்கு இந்த வாரமே மண் எடுங்கள், ஜூன் மழைக்கு முன் முடிவு கையில் இருக்கட்டும். ஜூனில் பாதி உரம். கோடையில் சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர் போகிறதா என்று ஒரு வாளியை வைத்து அளந்து பாருங்கள். முனை அடைத்துக்கொண்டு பாதி கூட வராத தோப்புகள் நிறைய இருக்கின்றன.

கடைசியாகக் கேட்டீர்கள், உரிமட்டையை வண்டிக்குக் கொடுத்துவிடலாமா என்று. காய்க்கு ஏறுகிற பொட்டாஷில் பெரும்பங்கு அந்த மட்டையில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் விற்காதீர்கள். பாதியை நிறுத்தி, மர வரிசைக்கு நடுவில் பள்ளம் எடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடுங்கள். மழைத் தண்ணீரையும் பிடித்து வைக்கும்.